சூடானதும் நின்றுவிடும் செயின்சா

குளிர்ந்திருக்கும்போது என் செயின்சா இரண்டே இழுப்பில் கிளம்புகிறது. 15 நிமிடம் விறகு அறுத்ததும் பட்டென்று நின்றுவிடுகிறது. அப்புறம் கை வலிக்க இழுத்தாலும் கிளம்பாது. அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். 3 வாரமாக இதே கூத்து.

50 சிசி, டூ ஸ்ட்ரோக், 18 அங்குல பார், வாங்கி 6 வருடம். பெட்ரோல், ஆயில் 50:1, புதிதாகக் கலந்ததுதான். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டேங்க் ஃபில்டர் மூன்றும் மாற்றியாயிற்று. டேங்க் மூடியைத் தளர்த்தியும் பார்த்தேன், பயனில்லை.

நின்றதும் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது. பிளக்கின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மேல்தான் சந்தேகம். ஆனால் பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசி வால்வு கசிந்தாலும் பிளக் நனையுமே!

புதுக் காயில் வாங்குமுன், இரண்டில் எது என்று வீட்டிலேயே எப்படி உறுதிசெய்வது?