சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடிச்சு 2 வருஷம் ஆச்சு, படிச்ச ரிஸ்க் மேனேஜ்மென்ட் எல்லாம் எங்க போச்சு?

மார்த்தாண்டத்துக்காரன்:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். 200 மணிநேரம் பறந்து சிபிஎல் எடுத்தாச்சு, வேலை கிடைக்கல, ரெண்டு வருஷமா வீட்டுல தான். ஐம்சேஃப் (பைலட்டுக்கு உடம்பும் மனசும் சரியா இருக்கான்னு பாக்குற லிஸ்ட்), பேவ் (பைலட், விமானம், வானிலை, வெளி நெருக்கடின்னு ஆபத்த பாக்குற லிஸ்ட்) எல்லாம் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். ஆனா போன வாரம் திருவனந்தபுரத்துல கல்யாணம் முடிஞ்சு ராத்திரி 1 மணிக்கு கொட்டுற மழையில பைக்க எடுத்துட்டு வந்தேன், களியக்காவிளை தாண்டுனப்போ தான் உறைச்சுது, தூக்கம், மழை, அம்மா முழிச்சிருப்பாங்கன்னு அவசரம், பேவ்ல உள்ளது பாதி அங்கயே இருந்துச்சு, நான் ஒண்ணக்கூட யோசிக்கல. வேலைக்கு போனா படிச்சது கைகொடுக்குமா?

வடசேரி பய:
நான் ஏர்லைன்ல கோ-பைலட். மக்கா, பாடம் மறக்காது, பழக்கம் தான் போவும். எங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்க சிமுலேட்டர் செக் உண்டு, இன்ஜின் ஃபெயிலியர்னா கை தானா போவும். ஆனா சிமுலேட்டர்ல என்னமோ வரப்போவுதுன்னு முன்னாடியே தெரியும்லா, வீட்டுக்கு போற அவசரமும் அங்க கிடையாது. 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விமான விபத்த பாரு. 10,000 மணிநேரத்துக்கு மேல பறந்த கேப்டன், மழை, பின்காத்து, ஒரு தடவ கோ-அரவுண்ட் (இறங்காம திரும்ப மேல ஏறுறது) பண்ணியாச்சு, ரெண்டாவது தடவ ரன்வேல பாதி கிட்ட போய் தான் சக்கரம் தொட்டுச்சு, 21 உயிர் போச்சு. மறுநாள் காலைல அவருக்கு அங்கருந்து ஃப்ளைட் இருந்ததையும் விசாரணை ரிப்போர்ட்ல எழுதியிருக்காவ. தெரியாமயா இறக்குனாரு?

குளச்சல்காரி:
பிளேன் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க அப்பா 61 நாள் மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு முதல் நாளு மீன்பிடி போட்டை ரொம்ப தூரம் கொண்டுபோவ மாட்டாவ, கையும் கண்ணும் பழகட்டும்பாவ. கூட உள்ளவங்க கேலி பண்ணுவாவ தான்.

வடசேரி பய:
அக்கா சொன்னது தான் விஷயம், எங்க ஆளுங்க இத பர்சனல் மினிமம்னு, அதாவது தனக்கு தானே போட்டுக்கிற வரம்புன்னு சொல்லுவாங்க. செஸ்னா 172 சின்ன விமானத்தோட மேனுவல்ல குறுக்குக்காத்து (ரன்வேக்கு பக்கவாட்டுல அடிக்கிற காத்து) 15 நாட் (மணிக்கு சுமார் 28 கிமீ) வரைக்கும் காட்டியிருக்கும், அது கம்பெனி டெஸ்ட் பைலட் செஞ்சது, ரெண்டு வருஷம் பறக்காத உனக்கு இல்ல. முப்பந்தல் காத்தாடி சுத்துற காத்துல நிக்கும்போது யோசிக்காத, வீட்டுல இருந்து ஒரு நம்பர் எழுதி வச்சுக்கோ, அங்க போய் அத கூட்டாத.

மார்த்தாண்டத்துக்காரன்:
8 நாட்னு எழுதிட்டேன் அண்ணே. அம்மா பேப்பர பாத்துட்டு "இதுக்காலே இவ்வளவு லட்சம்"னு கேக்காவ.