வயது ஏறினால் உதவி ஏன் இறங்குகிறது?

குழு: நம்ம குடும்பம்

கவிதா: அருணின் ஆட்டிசம் தெரபிக்கு, அதாவது ABA என்ற நடத்தைப் பயிற்சிக்கு, அரசு தரும் உதவித்தொகை பற்றிக் கடிதம் வந்துவிட்டது. வாராந்தர நேரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். சொன்ன காரணம், பதினைந்து வயது ஆகிவிட்டதாம். பெற்றோர் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். வரைவைப் போட்டிருக்கிறேன், படித்துப் பாருங்கள்.

பெரியப்பா: படித்தேன்மா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, சின்ன வயதில் செய்தால்தான் பலன் என்று நீதானே சொல்வாய்? அவர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

கவிதா: சீக்கிரம் தொடங்குவது நல்லதுதான் பெரியப்பா. 1987ல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் இந்தப் பயிற்சி பற்றி வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அந்தப் பேச்சு வலுத்தது. நான்கு வயது நிரம்பாத 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி, அதில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பை முடித்தார்கள். ஆனால் மீதிப் பத்துப் பேரும் வளர்ந்திருப்பார்கள் இல்லையா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆறு வயதுவரை ஆண்டுக்கு 22,000 டாலர் வரை கொடுத்தார்கள். ஆறு முடிந்தால் 6,000தான். ஒரு பிறந்தநாளில் தேவை கால்வாசிக்குமா இறங்கும்?

பெரியப்பா: சரி. பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? எனக்கு அதுதான் புரியவில்லை.

கவிதா: வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம் கேட்டால் அருண் தலையில் அடித்துக்கொள்வான், உங்களுக்குத் தெரியும். தெரபிஸ்ட் முதலில் அவனைத் தடுக்கவே இல்லை. அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே இருந்தார். அப்புறம் இடுப்புப் பட்டையில் ஒரு நீல அட்டையை மாட்டினார். சத்தம் தொடங்கியதும் அவன் கையைப் பிடித்து அட்டையைத் தொட வைப்பார், உடனே மெஷினை நிறுத்துவோம். கொஞ்ச நாளில் கையைப் பிடிக்காமல் அட்டையை மட்டும் சுட்டிக்காட்டினார். பிறகு அதுவும் இல்லை. இப்போது அவனே அட்டையைக் காட்டிவிட்டு அறைக்குப் போய்விடுகிறான்.

நிலா: தாத்தா, அடிப்பது எதைக் கேட்கிறதோ அதையே வேறு வழியில் கேட்கப் பழக்குவது இது. 1985ல் கார், டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை. என்னிடம் தெரபிக்கு வரும் பெரிய பிள்ளைகளுக்கு முகச்சவரம், மாதவிடாய், தனியாகப் பஸ் ஏறுவது, யாராவது தப்பாகத் தொட்டால் சொல்வது, இவைதான் பாடம். மூன்று வயதில் இதையெல்லாம் எப்படிச் சொல்லித்தர முடியும்?

முரளி: அக்கா, எனக்கு ஒரு உறுத்தல். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலரே இந்தப் பயிற்சியை எதிர்த்து எழுதுகிறார்கள். அதையும் கேட்க வேண்டாமா?

நிலா: கண்டிப்பாகக் கேட்கணும் மாமா. லோவாஸின் அந்த ஆய்விலேயே தொடையில் அடிப்பதும் இருந்தது. கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று பிள்ளையின் இயல்பை மறைக்கச் சொல்வதற்கு அரசுப் பணம் போகக் கூடாது. சித்தி, மனுவில் இதையும் சேருங்கள். தினமும் பிள்ளையோடு உட்கார்ந்து சொல்லித் தருபவர்களில் பலர், அந்த வேலைக்காகப் பெற்ற பயிற்சியே மொத்தம் 40 மணி நேரம்தான் இருக்கும். திட்டம் போடும் நிபுணர் நேரில் வந்து பார்க்கும் நேரத்துக்கும் பணம் ஒதுக்கணும். இலக்கை அருணிடமும் கேட்டு முடிவுசெய்யணும்.

பெரியப்பா: மனுவால் நடக்கவில்லை என்றால் வழக்குப் போடலாமே?

கவிதா: பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தத் தெரபிக்கு அரசு பணம் தர வேண்டும் என்று கேட்ட ஆட்டன் வழக்கில், பெற்றோர் கீழ்க்கோர்ட்டுகளில் ஜெயித்தார்கள். 2004ல் கனடா உச்ச நீதிமன்றம், இதற்குப் பணம் கொடுக்க நாட்டின் உரிமைச் சாசனம் அரசைக் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லிவிட்டது. திட்டத்தை வகுப்பவர்களிடம் நேராகப் போவதுதான் வழி என்று எனக்குப் படுகிறது.

முரளி: அமெரிக்காவில் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உள்ள 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மருத்துவ ரீதியாகத் தேவை என்றால் சிகிச்சையைக் கொடுத்தாக வேண்டும். ஆட்டிசம் சிகிச்சைக்கும் அது பொருந்தும் என்று 2014ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. இதை மனுவில் எடுத்துக்காட்டாகப் போடுங்கள் அக்கா.

பெரியப்பா: கவிதா, அப்படியானால் மூன்றாவது பத்தியை மாற்று. “தொடர்ந்து உதவும்படி வேண்டுகிறோம்” என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எவ்வளவு நேரம், யார் முடிவுசெய்வது, எத்தனை வயதுவரை என்று கேள்.

கவிதா: இப்படி எழுதட்டுமா? “பயிற்சி நேரத்தை வயதை வைத்து வெட்டாமல், ஆண்டுதோறும் மதிப்பீடு செய்து 21 வயதுவரை வழங்க வேண்டும். குறைத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.”

பெரியப்பா: இது சரி. மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி கடிதத்தில் இருக்கும், பார். என் கையெழுத்தையும் பெரியம்மா கையெழுத்தையும் சேர்த்துக்கொள்.

முரளி: சுத்தப் பிரதியை நான் டைப் செய்து தருகிறேன் அக்கா. அந்த அட்டை விஷயத்தை முதல் பக்கத்திலேயே வைக்கிறேன்.