சாமி மக்களின் பெரிய கத்தி: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

ஆல்டா, நோர்வே

போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பனிக்காலத்தில் பின்மார்க் மேட்டுநிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். சாமி மக்கள் இடுப்பில் தொங்கவிடுகிற பெரிய கத்தி ஒன்று வாங்கலாமா, இல்லை சின்னக் கோடரியே போதுமா?" நல்ல கேள்வி. (தெரியாதவர்களுக்கு: சாமி மக்கள் என்றால் நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடக்கில் வாழும் பூர்வகுடிகள்; பின்மார்க் நோர்வேயின் வடகோடிப் பகுதி.) பலருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மீன் தொழிற்சாலை வேலைக்காக இந்தப் பக்கம் வந்து சேர்ந்த நம்மவர்களில் நானும் ஒருவன். கூட வேலை செய்த சாமி நண்பர் ஒருவருடைய குடும்பத்துக்குத் துருவ மான் மந்தை இருக்கிறது. அவரோடு கௌத்தகைனோ பக்கம் போனபோதுதான் அந்தக் கத்தியின் வேலையை நேரில் பார்த்தேன். அங்கே நம்மூர் மாதிரிப் பெரிய மரங்கள் கிடையாது. மலைப் பேர்ச் மரம்தான், அதுவும் வளைந்து நெளிந்து, பெரும்பாலும் கை மொத்தம், மிஞ்சினால் தொடை மொத்தம். அந்த அளவு மரத்துக்குக் கோடரி தேவையில்லை. காய்ந்து நின்ற ஒன்றை அவர் ஒரு கையால் வளைத்துப் பிடித்தார். நார்கள் இறுகி நின்ற இடத்தில், அடிப்பக்கம் பார்த்துச் சாய்வாக இரண்டு வெட்டு. மரம் கையோடு வந்துவிட்டது.

பிறகு துண்டை நிமிர்த்தி வைத்தார். கத்தியின் வாயை வெட்டுமுகத்தில் பதித்து, முதுகில் ஒரு தடியால் தட்டினார். அலகு பாதி இறங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிப் பக்கத்தில் தட்டினார். பிடியில் ஒரு அடிகூட விழவில்லை. முடிச்சு இருந்த துண்டுகளை எடுத்துப் பார்த்து ஒதுக்கிவிட்டார். பேர்ச் பட்டையில் எண்ணெய்ச் சத்து உண்டு, ஈரமாக இருந்தாலும் பிடிக்கும். கத்தி முதுகால் பட்டையைச் சுரண்டிப் பஞ்சாக்கித் தீ மூட்டினார். அன்று இரவு மச்சை எலும்பைப் பிளந்ததும் இதே கத்திதான். காய்ந்த மான் இறைச்சியைச் சீவிக் கோப்பிக்குள் போட மட்டும் சின்னக் கத்தியை எடுத்தார்.

இதில் ஒன்று முக்கியம். பெரிய கத்தி தனியாக வேலை செய்வதில்லை. யாருடைய மான் என்று தெரிய அதன் காதில் அடையாளம் வெட்ட, தோல் உரிக்க, மரம் செதுக்க எல்லாம் சின்னக் கத்தி. வெட்ட, பிளக்க, உடைக்கப் பெரியது. சிலர் இரண்டையும் ஒரே உறையில் வைத்திருப்பார்கள். ஆகவே தம்பி, பணத்தை எல்லாம் பெரியதிலேயே கொட்டிவிடாதீர்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, பின்மார்க்கின் கராஷோக் ஊரில் செய்கிற ஸ்த்ரோமெங் என்ற பெயர்கொண்ட கத்திகள் 7, 8, 9 அங்குல அலகுகளில் கிடைக்கும். என் தெரிவு 8. நம்முடைய கொடுவாக்கத்தி போல நுனியில் பாரம் இருப்பதில்லை, அதனால் அலகு குறைந்தால் வீச்சும் குறைந்துவிடும். 9 கொஞ்சம் உயரமானவர்களுக்கும், தினமும் விறகு வெட்டுபவர்களுக்கும் சரி. 7 அங்குலம் பையில் வைக்க வசதி, ஆனால் வெட்டுக்கு எடை போதாது.

ரோவனியெமி, பின்லாந்து

அண்ணா சொன்னதோடு உருக்கைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். இங்கே இந்தக் கத்திக்கு லெவுக்கு என்று பெயர். கடைக்குப் போனால் முதலில் கேட்பதே "துருப்பிடிக்காததா, கார்பன் உருக்கா?" என்றுதான். என் ஓட்டு கார்பனுக்கு. மிகக் கெட்டியாகப் பதம் ஏற்றிய அலகு கடுங்குளிரில் உறைந்த மரத்தை வெட்டும்போது வாய் உதிர்ந்துபோகும். லெவுக்குக்கு வேண்டியது கொஞ்சம் மென்மையான பதம். வாய் மழுங்கலாம், மடியலாம், ஆனால் உதிராது. மழுங்கினால் காட்டிலேயே ஒரு சின்னச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். சரிவை அப்படியே கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் பிடிக்கிற தொல்லை இல்லை.

கார்பனுக்கு ஒரு கவனிப்பு உண்டு. வெளியே உறைந்து கிடந்த கத்தியைச் சூடான குடிசைக்குள் கொண்டுவந்ததும் அலகு முழுக்க வியர்த்துவிடும். அப்படியே உறையில் செருகினால் காலையில் சிவப்பாக இருக்கும். துடைத்து, கொஞ்ச நேரம் உறைக்கு வெளியே காயவைத்து, எண்ணெய் தடவி, அப்புறம் உறையில் போடுங்கள். சமையல் எண்ணெய் போதும்.

பிடியைக் கட்டாயம் பாருங்கள். நல்ல லெவுக்கில் அலகின் காம்பு பிடிக்குள் முழு நீளமும் போய், அடியில் தட்டி இறுக்கப்பட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் அந்த இரும்புப் பொட்டு தெரியும். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற ஒரு கடையில் அழகான சுருள்பேர்ச் பிடி போட்ட ஒன்றை என் நண்பர் வாங்கினார். காம்பு பாதி தூரம்தான் போயிருந்தது, பசைதான் பிடித்துவைத்திருந்தது. முதல் மாலையிலேயே ஆட ஆரம்பித்தது. ஆடுகிற பிடியோடு கட்டையைப் பிளப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவேண்டியதில்லை.

விரல் அலகுப் பக்கம் நழுவாமல் தடுக்கிற கைக்காப்பு இல்லையே என்று பயப்பட வேண்டாம். அது வேண்டுமென்றே விட்டது. பிடியின் அடி அகன்றிருப்பதால், கையில் கொழுப்பு ஒட்டியிருந்தாலும், தடித்த கையுறை போட்டிருந்தாலும், வீசும்போது நழுவாது. கை படும் இடமெல்லாம் மரமும் கொம்பும்தான். நோர்வேயில் பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பம் -51.4 பாகை, 1886 ஜனவரி 1 அன்று, அதே கராஷோக்கில். அந்தக் குளிரில் இரும்பு தோலோடு ஒட்டிக்கொள்ளும்; அந்த ஊர்க்காரர்கள் கை படும் இடத்தில் இரும்பு வைக்காததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

லூலியோ, சுவீடன்

உறையைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! என்னைக் கேட்டால் பாதிக் கத்தி அதுதான்.

யொக்மொக் குளிர்காலச் சந்தைக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். 1605-இல் தொடங்கிய சந்தை, பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும். அங்கே ஒரு சாமி கைவினைஞர் தன் மேசையிலிருந்த கத்தி ஒன்றை எடுத்து, உறையோடு தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்கிக் காட்டினார். கத்தி அசையவே இல்லை. உறை அவ்வளவு ஆழம், பிடியின் பெரும்பகுதி உள்ளே போய்விடும். பனியில் விழுந்தாலும், ஸ்னோமொபைலில் குதித்துக்கொண்டு போனாலும், கத்தி தானாக வெளியே வராது. கிளிப்போ பொத்தானோ கிடையாது. விரல் விறைத்துப்போன நேரத்தில் பொத்தானைத் திறக்க முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உறையின் கீழ்ப்பகுதி மான் கொம்பு, மேல்பகுதி தோல். கொம்பு இருப்பதால் விழுந்தாலும் நுனி துளைத்துக்கொண்டு உங்கள் தொடைக்கு வராது. வடக்குப் பகுதி உறைகள் நுனியில் நன்றாக வளைந்திருக்கும், தெற்குப் பகுதி உறைகளில் அந்த வளைவு குறைவு. கொம்பில் செதுக்கிய கோடுகளும் பகுதிக்குப் பகுதி வேறு. விவரம் தெரிந்தவர்கள் உறையைப் பார்த்தே எந்தப் பக்கத்துக் கை என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட கைவினைக்குத் துவோஜி என்று பெயர். சாமி கைவினைஞர்கள் செய்த அசல் பொருள் என்பதற்கு ஒரு முத்திரையும் உண்டு. விலை பல ஆயிரம் குரோனர் போகும், அதற்கு முழுத் தகுதியும் உண்டு. ஆனால் விறகு பிளக்க அதை வாங்காதீர்கள். வேலைக்கு அலங்காரமில்லாத கத்தி, ஆழமான தோல் உறை. துவோஜி வாங்கினால் அந்தக் கைக்கு மரியாதை செய்து வாங்குங்கள். சாமி ஆட்கள் கை படாத மலிவு நகல்களுக்குச் "சாமி கத்தி" என்று பெயர் ஒட்டி விற்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம். முத்திரை இல்லாவிட்டால் யார் செய்தது, எங்கே செய்தது என்று கேளுங்கள். செய்தவர் பெயரைக் கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

ஆல்டா, நோர்வே

உறை விஷயம் நூறு வீதம் சரி. இடுப்புப் பட்டியில் இறுக்கமாக நிற்காமல் வளையத்தில் தொங்குகிற மாதிரி எடுங்கள், உட்காரும்போது தானாக விலகிக்கொள்ளும்.

தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். நோர்வேயில் பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் கத்தி வைத்திருப்பது குற்றம். காட்டுக்குப் போவது தக்க காரணம், ஆனால் வரும் வழியில் கடைத்தெருவுக்குள் இடுப்பில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். வாகனத்திலேயே பைக்குள் வைத்துவிடுங்கள். விமானத்தில் வருவதானால் ஏற்றிவிடுகிற பெட்டிக்குள்தான் போகவேண்டும். உயிருள்ள மரத்தில் கை வைக்காதீர்கள், பட்டையும் உரிக்காதீர்கள். காய்ந்ததும் விழுந்ததும் தாராளமாகக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை இருக்கிறது. நீங்கள் பனிக்காலத்தில் வருவதால் அந்தக் கவலை இல்லை.

கடைக்குப் போகும்போது உங்கள் மிகத் தடித்த கையுறையையும் கொண்டுபோங்கள். அதைப் போட்டுக்கொண்டே கத்தியை உறையிலிருந்து எடுத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். தடங்கல் இருந்தால் அடுத்ததைக் கேளுங்கள்.