புதிய ஆர்க்கிட்: கிடைத்த இடத்தை அச்சில் போடலாமா?

கேள்வி: மழைக்காட்டு மரக்கிளையில் வளரும் ஆர்க்கிட் ஒன்றைப் புதிய இனமாக விவரித்துக்கொண்டிருக்கிறேன். பூ சுண்டுவிரல் நகத்தளவு. உதட்டிதழின் அடியில் மஞ்சள் மேடு, அதைச் சுற்றிப் பூனைமயிர் போல ரோமம். உறவினங்களில் அந்த ரோமம் கிடையாது. செடிகள் ஒரே சரிவில்தான் தென்பட்டன. இடத்தை எவ்வளவு துல்லியமாக எழுதுவது?

பதில்: ஜிபிஎஸ் புள்ளியைப் போடவே போடாதீர்கள். மாவட்டம், உயரம், காட்டு வகை போதும். துல்லியமான விவரம் ஹெர்பேரியத்திடமும் (உலர்த்திய செடிகளைச் சேமிக்கும் காப்பகம்), அழியும் இனங்களைப் பட்டியலிடும் ஐயுசிஎன் அமைப்பின் மதிப்பீட்டாளர்களிடமும் இருக்கட்டும். பெருவின் ஃபிராக்மிபீடியம் கோவாச்சி என்ற ஆர்க்கிடை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 20 செ.மீ. அகலப் பூ. 2002இல் பெயர் வெளியானதும், சேகரிப்பாளர்கள் காட்டில் புகுந்து செடிகளைப் பெயர்த்துப்போனார்கள்.

இன்னொருவர்: மேலே சொன்னது சரி. ஆனால் எனக்கு ரோமம்தான் கவலை. அழுத்தி உலர்த்தினால் உதடு தட்டையாகிவிடும், மேடும் தெரியாது. சில பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். நிறம் வெளிறிவிடும், அதனால் முதலில் படம். பொலினியா (மகரந்தத் திரள்) எத்தனை என்று எண்ணி வரையுங்கள். லத்தீன் விவரிப்பு 2012 முதல் கட்டாயமில்லை, ஆங்கிலம் போதும், நிம்மதி!

கேட்டவர்: நன்றி. அப்புறம், வளர்த்துக் காப்பாற்ற ஒரு செடியை எடுக்கலாமா?

பதில்: அனுமதி இருந்தாலும் செடியில் கை வைக்காதீர்கள். முற்றிய காய் ஒன்று போதும், உள்ளே தூசி போல ஆயிரக்கணக்கில் விதை. காட்டில் பூஞ்சைத் துணையில்லாமல் முளைக்காது. ஆய்வகத்தில் சர்க்கரை கலந்த அகார் கூழில் முளைக்க வைக்கலாம்.