பெரிய இசை நாடகங்கள் நம்ம பக்கம் ஏன் வருவதில்லை?

மார்த்தாண்டம்காரன்:
மும்பையில் 2023இல் திறந்த புது அரங்குக்கு அந்த வருடமே ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற வெளிநாட்டு இசை நாடகம் வந்தது. 2025 மார்ச்சில் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்பரா’. கலைவாணர் பிறந்த நாகர்கோவிலில் நாடகம் பார்க்க ஆளில்லையா? காசுள்ள ஊராகப் பார்த்துப் போகிறார்கள், வேறென்ன.

திரைக்குப்பின்:
காசு மட்டும் இல்லை அண்ணாச்சி. முதலில் பார்ப்பது அரங்கத்தை. தொங்கும் காட்சித் திரைகளை அப்படியே மேலே இழுத்து மறைக்க மேடைக்கு மேல் உயரம் வேண்டும். ஃபேன்டத்தில் மேலிருந்து விழுகிற பெரிய சரவிளக்கை நம்ம கல்யாண மண்டபத்தில் கட்டினால் கூரையும் கூடவே இறங்கும்! மும்பை அரங்கில் சுமார் 2000 இருக்கை. அடுத்தது வழித்தடம். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றும் குழுவுக்கு ஓர் ஊரில் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை எட்டுக் காட்சி. ஞாயிறு ராத்திரியே செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். திங்கள்கிழமை ஒரு நாள் லாரி ஓட்டத்துக்குள் அடுத்த ஊர் அரங்கம் வர வேண்டும். மும்பையை விட்டால் இங்கே அப்படி வரிசையாக அரங்கம் ஏது?

குழித்துறை அக்கா:
கூப்பிடுகிறவர் யார் என்பதை விட்டுவிட்டீர்களே தம்பி. அமெரிக்காவில் உள்ளூர் ஏற்பாட்டாளர் நாடகக் குழுவிடம் வாரத்துக்கு இவ்வளவு என்று உறுதித்தொகை பேசுகிறார், அதற்கு மேல் வசூலில் பங்கு. நம்ம கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கமிட்டி தொகை பேசித்தானே குழு வருகிறது? மத்தியானம் வேன் வந்து நின்றால் இருட்டுவதற்குள் திரை கட்டிவிடுவார்கள்.

திரைக்குப்பின்:
அது ஓசி நாடகம் அக்கா. டிக்கெட் போட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

மார்த்தாண்டம்காரன்:
சர்க்கஸுக்கு டிக்கெட் எடுத்த ஊர்தானே இது? அரங்கம் இல்லை என்றால் கூடாரம். கனடா சர்க்கஸ் குழு சர்க் டு சொலெய் 2018இல் ‘பஸார்’ நிகழ்ச்சியைக் கூடாரத்தில்தானே நடத்தியது?

திரைக்குப்பின்:
சரி, அந்தக் கூடாரம் எங்கே நின்றது? மும்பை, அப்புறம் டெல்லி. கூடாரம் இருந்தாலும் வாரக்கணக்கில் தினமும் நிரப்ப ஆள் வேண்டும். திருவனந்தபுரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், பெரிய அரங்கம் அங்கே வந்தால் நாம்தான் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும்.

குழித்துறை அக்கா:
போவோம், நாகர்கோவிலில் இருந்தே சுமார் 70 கிலோமீட்டர்தானே. ஆனால் கூடாரம் என்றால் மழையையும் பாருங்கள். நமக்கு ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். மிஞ்சுவது தை, மாசி, பங்குனி. அப்போது மாசியில் வரும் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடையைத் தாண்டி உங்கள் டிக்கெட்டை யார் வாங்குவது?