பழைய அக்வாரமா: ஓட்டினால் மட்டும் உள்ளே தண்ணீர்

பழைய மரப் படகுகளில் வேலை பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

படகு 1960களின் ரிவா அக்வாரமா, இத்தாலிய வேகப் படகு. மஹோகனி பலகை, இரட்டை வி8 எஞ்சின். இடம் பிரான்சின் ஆந்தீப். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் காய்ந்து கிடந்ததை ஏப்ரலில் கடலில் இறக்கினோம். முதலில் எல்லா இடத்திலும் கசிந்தது, பலகை ஊறியதும் நின்றுவிட்டது. அதுவரை சரி. இப்போது துறையில் கட்டிப்போட்டால் ஒரு சொட்டு இல்லை. 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) வேகம் தாண்டினால் இடது எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீர் சேர்கிறது.

ஸ்டஃபிங் பாக்ஸில், அதாவது ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் (தண்டு) வெளியே போகும் இடத்து அடைப்பில், புது பேக்கிங் போட்டாயிற்று. எக்ஸாஸ்ட் ஹோஸும் மாற்றியாயிற்று. எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் கூலிங் குழாய்களில் ஒழுகல் இல்லை. அப்புறம் அடிப்பகுதியைத் துடைத்துக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவிவிட்டு ஒரு சுற்றுப் போனோம். பவுடரில் ஈரக்கோடு தெளிவாக விழுந்தது: ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் பக்கமிருந்து கீல் (படகின் அடிநடுவில் நீளமாக ஓடும் முதுகுக்கட்டை) ஓரமாக இறங்குகிறது. ஆனால் கோடு தொடங்கும் இடத்தை ஒரு குறுக்குச் சட்டம் மறைக்கிறது.

உரிமையாளருக்கு வார்னிஷ் பளபளப்பில்தான் கவலை. ஜூலையில் சாந்த்ரோப்பே போகணுமாம்.

பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றிப் புது சீலன்ட் வைத்தால் போதுமா, இல்லை கீலை ஒட்டிய பலகையையே கழற்றிப் பார்க்க வேண்டுமா?