மறு: மறு: இரண்டு பகடை: 'சாரா'வா, 'சார்பிலா'வா?

அன்புள்ள குழுவினருக்கு,
நிகழ்தகவுப் பாடக் காணொளி ஒன்றுக்கு வசன வரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். சிவப்புப் பகடையில் 6, நீலப் பகடையில் 6. ஒன்று விழுந்ததால் மற்றதன் வாய்ப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை; ஆகவே 1/6 × 1/6 = 1/36. தமிழ்நாட்டுப் பாடநூல் இவற்றைச் 'சார்பிலா நிகழ்ச்சிகள்' என்கிறது. திரையில் இரண்டு நொடிதான் நிற்கும். சட்டென்று புரியும் சொல் வேறு உண்டா?
— சேலம்

> சார்பிலா நிகழ்ச்சிகள்

வேண்டாம். கணிதத்தில் 'சார்பு' ஏற்கெனவே வேறொன்றுக்கு, அதாவது function-க்கு, பெயர். எஃப் ஆஃப் எக்ஸ் படித்த பிள்ளை குழம்பும். 'சாரா' போதும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஓர் எழுத்தும் வீணில்லை. அப்புறம், ஏன் பகடை? நாங்கள் 'கோடாத தாயக்கட்டை' என்றே படித்தோம். குறளின் 'ஒருபால் கோடாமை'தான் அது, ஒரு பக்கம் சாயாதது.
— யாழ்ப்பாணம்

கோடாமை அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, தாயக்கட்டைக்கு நாலு முகம்தானே? என் அப்பத்தா உருட்டிய பித்தளைக் கட்டையில் 1, 2, 3, ஒரு வெறுமை. இரண்டிலும் வெறுமை விழுந்தால் 12. அதற்கு வாய்ப்பு 1/16. தாயம் விழ 2/16. இதில் ஆறாம் முகத்துக்கு எங்கே போவது?

'சார்' வேரையும் அவ்வளவு நம்பாதீர்கள். சார்பெழுத்து தொல்காப்பியருக்கு மூன்று, நன்னூலாருக்குப் பத்து. எது எதைச் சார்ந்தது என்பதில் இலக்கணக்காரர்களுக்கே ஒற்றுமை இல்லை. குற்றியலுகரத்தையே எடுத்துக்கொண்டால்... சரி, அது பிறகு. என் வாக்கு 'தனித்த நிகழ்ச்சிகள்'.
— மதுரை

'தனித்த' என்றால், ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்று எடுத்துக்கொள்வார்கள். அது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சி, முற்றிலும் வேறு. யாராவது 'சுயேச்சை' என்று ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: டெபாசிட் போய்விடும்.

என் வகுப்பில் இடறும் இடம் இது. அ: முதல் பகடையில் 6. ஆ: கூட்டுத்தொகை 7. கூட்டுத்தொகை முதல் பகடையைச் சார்ந்ததுதானே என்பார்கள். ஆனால் 7 வர வாய்ப்பு 6/36. முதலில் 6 விழுந்துவிட்டாலும் அடுத்ததில் 1 விழ வேண்டும், அதே 1/6. ஆகவே இவை சாரா நிகழ்ச்சிகள்! கூட்டுத்தொகையை 8 ஆக்குங்கள்: 5/36 ஆக இருந்தது, 6 விழுந்தபின் 1/6 ஆகிவிடுகிறது. இப்போது சார்ந்தவை. பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? 'வாய்ப்பு மாற்றா நிகழ்ச்சிகள்' என்று வையுங்கள்.
— கோவை

நீளம். கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக மடங்கும். 7 இடறுவது சொல்லின் குற்றமில்லை, பாடம் நடத்துபவர் பாடு.
— யாழ்ப்பாணம்

அனைவருக்கும் நன்றி. 'சாரா நிகழ்ச்சிகள்' என்றே அனுப்பிவிட்டேன். பகடை பகடையாகவே இருக்கிறது. படத்தில் ஆறு முகம் தெரிகிறது.
— சேலம்

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.
— கோவை

குற்றியலுகரத்துக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.
— மதுரை